நூற்று அறுபத்து மூன்று

வால்பராய்சோவில் தெருக்கள் நடப்பதில்லை, ஏறுகின்றன.
எனக்கு அப்போது ஒன்பது வயது,
எல்லாத் தாளிலும் ஏழு வாங்குபவள்.
எங்கள் நாட்டில் ஏழுக்கு மேல் மதிப்பெண் கிடையாது,
ஏழுக்குக் கீழே எனக்குத் தூக்கம் கிடையாது.

கடல்மூட்டம் மலையேறி வந்து
ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மார்ச் காலை
மிரெயா டீச்சர் மேசைகளை நான்கு நான்காகச் சேர்த்தார்.
என்னோடு வந்து சேர்ந்தவர்கள்:
ஒரு நிமிடம் உட்கார முடியாத பால்தசார்,
எழுத்தைக் கண்டாலே கண்ணைத் தேய்க்கும் ராயேன்,
காதில் பெரிய மஞ்சள் மூடிகளோடு இத்தாலோ.
போச்சு என் ஏழு, என்று நினைத்தேன்.
இதைச் சொல்ல இன்றும் கூசுகிறது.
சொல்லாமல் விட்டால் மிச்சமெல்லாம் பொய்.

பள்ளி வாசலிலிருந்து துறைமுகச் சாலைக்கு
இறங்கும் படிக்கட்டை வரைபடமாக்க வேண்டும்.
ஆளுக்கொரு துண்டுக் காகிதம்.
அடுத்தவர் காகிதத்தைப் பார்க்கக் கூடாது,
கேட்கலாம்.

கேட்பது எனக்குப் பழக்கமில்லை.
நான் பதில் சொல்லியே வளர்ந்தவள்.

இத்தாலோவுக்கு நேரம் பார்க்கும் வேலை.
"முப்பத்தொன்பது மிச்சம்" என்றான்.
"முப்பத்தெட்டு மிச்சம்."
அளவுநாடாவின் நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு
பால்தசார் படிகளில் பாய்ந்தான்,
கீழே எங்கோ ஒரு நாய் அவனோடு சேர்ந்துகொண்டது.
ராயேனைப் படிக்கச் சொன்னேன். அழுதாள்.
காகிதத்தைப் பிடுங்கி நானே படித்தேன்.
டீச்சர் வந்தார், திட்டவில்லை.
என் கையிலிருந்து அதை வாங்கி, நான்காய் மடித்து,
ராயேனின் பைக்குள் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அதே காகிதம், அதே அழுகை வரும் முகம்.
இத்தாலோ தன் அளவுகோலை எடுத்து
அவள் விரலுக்கு அடியில் வைத்தான்.
யாரும் சொல்லித் தரவில்லை.
ஒரே ஒரு வரி மட்டும் தெரிந்தது.
நொண்டி நொண்டி அந்த வரியைக் கடந்தாள்.
"முப்பத்திரண்டு மிச்சம்" என்றான்.
அவசரப்படுத்தாதே என்று நான் சீறினேன்.
ராயேன் சிரித்தாள்:
"அவசரமில்லை, இன்னும் நிறைய இருக்குன்னு சொல்றான்."

வெள்ளிக்கிழமை படத்தை முடித்தேன்.
படிகள் நூற்று அறுபது, என்று அடியில் எழுதினேன்.
"நூற்று அறுபத்து மூன்று" என்றான் இத்தாலோ.
பரவாயில்லை, என்றேன்.
பரவாயில்லை என்ற சொல் அவனுக்கு இல்லை.
கத்தினான். பென்சில் பெட்டி பறந்தது.
மேசைக்கடியில் சுருண்டுகொண்டான்,
வகுப்பே திரும்பி என்னைத்தான் பார்த்தது.

பால்தசார் குனிந்து அவனருகே போய்
உட்கார்ந்தான்.
பதினொரு நிமிடம்.
நேரம் பார்ப்பவன் மேசைக்கடியில் இருந்ததால்
அன்று நான்தான் எண்ணினேன்.
தன் ரொட்டியைப் பிய்த்து, வெண்ணெய்ப்பழம் வழிய,
நடுவில் தரையில் வைத்தான். பேசவில்லை.
பாதி ரொட்டி போனது.
பிறகு இருவரும் வெளியே வந்தார்கள்.

நால்வரும் இறங்கினோம்.
தகரச்சுவர் வீட்டின் அருகே இத்தாலோ நின்றான்.
புல், மண், ஒரு சோடா மூடி,
அவற்றின் அடியில் உடைந்துபோன மூன்று படிகள்.
தினமும் தாண்டித் தாண்டி
படிகளென்றே மறந்துபோனவை.
அவன் மட்டும் தாண்டுவதில்லை,
ஒவ்வொன்றிலும் கால் வைத்தே இறங்குவானாம்.
அதுவரை நாங்கள் அவனோடு இறங்கியதே இல்லை.

ராயேன் அந்த மூன்றையும் வரைந்தாள்,
சோடா மூடியின் சிவப்பு உட்பட.

ஆறரை கிடைத்தது.
அரை குறைந்தது என் கணக்கால்:
சென்டிமீட்டரை மீட்டராக்கும்போது
ஒரு பூஜ்யத்தை விட்டிருந்தேன்.
பால்தசார் "ஆறரை!" என்று மலை முழுக்கக் கூவினான்.
நான் அன்று தூங்கினேன்.

அடுத்த மாதம் தேர்வு, தனித்தனி மேசை.
இத்தாலோவை மூன்று வரிசை தள்ளி உட்காரவைத்தார்கள்.
எல்லோரும் அமைதியாக எழுதினார்கள்.
எவ்வளவு மிச்சம் என்று
யாரும் சொல்லவில்லை.
கையெழுத்து கோணக் கோண,
அவசர அவசரமாக எழுதினேன்.